எல்லைச் சிகரத்தில் தோர்வாலின் கால்சட்டை

பதினோரு நாளாக மேகம் விலகவேயில்லை. பன்னிரண்டாம் நாள் விடிந்தபோது வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. சர்வேயர் மக்ரேயும் அவருக்குச் சுமை தூக்கும் தோர்வாலும் பனியாற்றைக் கடந்து சிகரத்தில் ஏறிவிட்டார்கள். கனடாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே எல்லைக்கோடு போகிற மலை அது. அங்கிருந்து சுற்றிலும் படமெடுத்தால்தான் அந்த வருஷத்து வரைபடம் முடியும்.

கேமராவில் படம் பதிவதற்கென மாட்டி வைத்திருந்த ஆறு கண்ணாடித் தகடுகளும் தீர்ந்துபோயின. மேற்குப் பக்கம் இன்னும் பாக்கி. வெளிச்சம் பட்டால் தகடு கெட்டுவிடும். பைக்குள் கைவிட்டுப் புதுத் தகடு மாட்ட, வெளிச்சம் புகாத கறுப்புப் பையை மக்ரே எடுத்து உதறினார். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

"போச்சு!" என்று பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். "மறுபடி மேகம் மூடினா இந்த வருஷம் அவ்வளவுதான், தோர்வால்."

தோர்வாலுக்குப் பாவமாக இருந்தது. குனிந்து தன் கால்களைப் பார்த்தான்.

"சார், நான் போட்டிருக்கிறது ரெட்டைக் கம்பளி. தகட்டை உள்ள வச்சு இடுப்பை இறுக்கிக் கட்டிட்டா, ரெண்டு கால் வழியா ரெண்டு கையையும் விட்டு மாட்டலாமே?"

மக்ரே துள்ளி எழுந்தார். "கழட்டுய்யா சீக்கிரம்!"

கம்பளி உள்ளாடையோடு தோர்வால் காற்றில் வெடவெடத்து நின்றான். மக்ரே கால்சட்டைக்குள் முழங்கை வரை கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மறுபக்கச் சரிவிலிருந்து ஒரு தொப்பி மேலே வந்தது. எல்லையின் அந்தப் பக்கத்தை அளக்கும் அமெரிக்க சர்வேக் குழுவின் விட்காம்!

"ஏம்பா, கனடாவுல கால்சட்டை போடுற வழக்கமே இல்லையா?"

"எங்க நாடு, எங்க சௌகரியம். நீ எல்லைக்கு அந்தப் பக்கம் நில்லு!" என்றான் தோர்வால்.

"எல்லை எங்கேன்னு படம் முடிஞ்சாத்தானே தெரியும்!" என்று சிரித்துக்கொண்டே விட்காம் தன் மேல்கோட்டைக் கழற்றி தோர்வாலின் இடுப்பில் சுற்றிவிட்டான். சின்ன அடுப்பை மூட்டிக் காப்பியும் போட்டுக் கொடுத்தான். கடைசித் தகடு முடிந்த சற்று நேரத்தில் மேகம் திரண்டு வந்தது.

குளிர்காலத்தில், தலைநகரில் வரைபடம் தீட்டுகிறவரிடமிருந்து மக்ரேவுக்குக் கடிதம் வந்தது. படங்கள் எல்லாம் அருமையாம். கடைசிப் படத்தில் மட்டும், மேற்குச் சரிவில் வெள்ளையாக, வட்டமாக ஓர் ஏரி தெரிகிறதே, அதன் பெயர் என்ன என்று கேட்டிருந்தார்.

மக்ரே தோர்வாலைத் தேடிப்போய் அதைப் படித்துக் காட்டினார்.

"ஏரியாவது குளமாவது! முன்பக்கம் ஒரு பொத்தான் அறுந்து போயிருந்தது சார். வெளிச்சம் அந்த வழியாத்தான் புகுந்திருக்கும்."

இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

"உண்மையைத்தான் எழுதணும்" என்றார் மக்ரே, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"எழுதுங்க. ஆனா அது யாரோட கால்சட்டைன்னு மட்டும் எழுதிடாதீங்க, சார்!"