நாற்பத்தொன்றாவது நிமிடம்

பத்தாம் வகுப்பில் என்னை யாரும் நிறுத்தவில்லை. நானாகத்தான் நின்றேன். டீச்சர் என்னை எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. வகுப்பே சிரித்தது. மறுநாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். அதற்கு மறுநாளும் வயிற்றுவலி. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த அப்பா, "வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாக்கறதுக்கு மாமா கடையில உக்காந்து டிவியைப் பாரு, போ" என்று என்னை மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

மாமா வீடியோ கேசட் வாடகைக்கு விடுகிறவர். கடையின் முன்பக்கம் மர அலமாரிகளும் வாடிக்கையாளர்களுக்குப் படம் போட்டுக் காட்ட ஒரு டிவியும் இருந்தன. பின்பக்கம் துணித் திரை போட்ட அறையில் கேசட் ஓட்டும் இரண்டு டெக்குகளும் இன்னொரு சின்ன டிவியும். ஒரு டெக்கில் படம் ஓடும், மற்றதில் பதிவாகும். ஒன்றரை மணி நேரப் படத்துக்குக் காப்பி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். நடுவில் படம் நடுங்கினாலோ புள்ளி புள்ளியாகப் பூச்சி பறந்தாலோ மறுபடியும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். அதனால் ஓர் ஆள் கண்கொட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பேச வேண்டாத வேலை, எனக்காகவே செய்துவைத்தது போல.

கடையை மூடிவிட்டு ஊரைக் காலி செய்த வேறொரு கேசட்காரரிடமிருந்து மாமா ஒரு சாக்கு மூட்டை வாங்கி வந்தார். அறுபதுகளில் எடுத்த மலிவான பேய்ப் படங்கள். மாமா ஒன்றைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. நான் எல்லாவற்றையும் பார்த்தேன். வௌவாலைக் கட்டிய கம்பி தெரியும். ஓநாய் மனிதன் கையில் வாட்ச் கட்டியிருப்பான். பைத்தியக்கார டாக்டரின் ஆய்வுக்கூடத்தில் எண்ணெய் ஊற்றுகிற புனல்தான் பெரிய கருவி. பெண்கள் ஓடுவார்கள், கல்லே இல்லாத இடத்தில் தடுக்கி விழுவார்கள், எல்லாருக்கும் ஒரே தோளில் சட்டை கிழியும். கிழிந்ததும் கேமரா கிட்டே போகும். எனக்கு அசிங்கமாகவும் இருக்கும், அடுத்த கேசட்டை எடுக்கக் கையும் பரபரக்கும். யாராவது திரையை விலக்கினால் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவேன், ஏதோ நான்தான் அவற்றை எடுத்தவள் போல.

கேசட் உறையில் கதைச் சுருக்கம் ஒட்டினால் ஆட்கள் எடுத்துப் போவார்கள் என்று மாமா சொன்னார். "ரெண்டு வரி எழுதேன் ஊமை. உனக்குத்தான் கையெழுத்து முத்து முத்தா இருக்கே." ஊமை என்பது மாமா எனக்கு வைத்த செல்லப்பெயர். நான் எழுதினேன். வாயில் வராதது எல்லாம் பேனாவில் வந்தது. 'பேயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பேயின் செருப்பைப் பாருங்கள்.' 'இந்தப் படத்தில் நான்கு கொலைகள். ஐந்தாவது, பார்க்கிறவர் பொறுமை.' ஒரு வாரத்தில் சாக்கு மூட்டைப் படங்கள் அலமாரியில் நிற்கவில்லை. எழுதியது மாமா என்று எல்லாரும் நினைத்தார்கள். மாமாவும் மறுக்கவில்லை. எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

அப்படி ஒரு படத்துக்குத்தான் இதை எழுதினேன்: 'நாற்பத்தொன்றாவது நிமிடம். மேஜை மேல் கிடக்கும் பிணத்தின் வயிற்றைக் கவனியுங்கள். செத்த பிறகும் மூச்சு விடும் அதிசயப் பெண்!'

அந்தக் காட்சியில் டாக்டர் பிணத்தின் மேலிருந்த துணியை இடுப்பு வரை விலக்குவார். பிணத்தின் வயிறு ஒரு தடவை நன்றாக ஏறி இறங்கும். நிமிடத்தைச் சரியாகக் குறிக்க நான் நான்கு தடவை ஓட்டிப் பார்த்தேன். நான்கு தடவையும் தனியாகச் சிரித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம். பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் கம்பவுண்டர் அந்தச் சீட்டைச் சத்தமாக வாசித்தார். "அண்ணே, இதை இப்பவே போடுங்க, சும்மா கதை விடாதீங்க" என்றார். மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. முன்பக்க டிவியில் போட்டு நேராக அந்த இடத்துக்கு ஓட்டினார். பக்கத்துப் பூட்டு ரிப்பேர்க்காரர் தன் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றார். நான் திரை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், படத்தை அல்ல, சிரிக்கப் போகிறவர்களை.

"இப்ப பாருங்க, இப்ப!"

"ஏ, ஆமாய்யா! மூச்சு விடுது!"

"மூச்சா அது? தின்னது செரிக்காம ஏப்பம் விடுது!"

"பிணத்துக்கு நல்ல உடம்புய்யா. பொழைக்க வெச்சிருந்தா குடும்பம் நடத்தியிருக்கும்."

ஒரே சிரிப்பு. "இன்னொரு தடவை போடுங்க" என்றார் கம்பவுண்டர். மாமா பின்னுக்கு ஓட்டினார்.

அப்போதுதான் வாசலில் அத்தையைப் பார்த்தேன். மாமாவின் மனைவி. தினமும் எங்கள் இருவருக்கும் சாப்பாட்டு டப்பா கொண்டுவருவார். டப்பா இடது கையில் இருந்தது. வலது கையை வயிற்றின் மேல் வைத்து உள்ளே அழுத்தியிருந்தார். டிவியில் டாக்டர் துணியை விலக்க, இங்கே அத்தை மூச்சை அடக்கினார். அங்கே வயிறு ஏறி இறங்கியது. எல்லாரும் சிரித்தார்கள். அத்தை கையை எடுத்தார்.

அந்தப் பிணம் அத்தைதான் என்று அப்போது புரிந்தது. டிவியில் அந்த முகத்தைப் பார்க்கலாம் என்று திரும்பினேன். அதற்குள் மாமா நிறுத்திவிட்டார். "மிச்சத்தை வாடகைக்கு எடுத்துப் பாருங்கப்பா. இன்னும் அஞ்சு காப்பி எடுக்கறேன், செவ்வாய்க்கிழமை வாங்க." அத்தை டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. எல்லாரும் நான் பார்க்கச் சொன்ன இடத்தைத்தான் பார்த்தார்கள்.

பள்ளிக்கூடத்தை விட்டு வந்த என்னை ஊரே 'ஏன், ஏன்' என்று குடைந்தபோது கேட்காமல் இருந்த ஒரே ஆள் அத்தை. வந்த முதல் நாள், "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டார். அவரைத்தான் நான் பத்துப் பேர் நடுவில் துணியை விலக்கிக் காட்டியிருந்தேன். துணியை டாக்டர் விலக்கினார் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அது இருபது வருடமாக ஒருவரும் கவனிக்காத வயிறு. விரலை நீட்டிக் காட்டியது நான்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை சாப்பாடு கொண்டுவரவில்லை. தலைவலி என்றார். திங்கட்கிழமையும் அதே. என்னிடம் எப்போதும் போலத்தான் பேசினார், ஆனால் நான் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. அந்தப் படத்துக்கு மூன்று கேசட்டுகள் இருந்தன, மூட்டையில் வந்தது ஒன்று, நான் எடுத்த காப்பி இரண்டு. மாமா இன்னும் ஐந்து எடுத்து வெளியே விட்டால் ஊரில் யாராவது ஒருவர் ஒரு நாள் முகத்தையும் பார்த்துவிடுவார். மாமா காதுக்குப் போகும். அத்தை இந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்? எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் மேற்கொண்டு எதையும் பதிய முடியாது, படம் பத்திரம். எங்கள் கடையில் படம் பதிந்ததும் எல்லாக் கேசட்டிலும் முதல் வேலையாக மாமா அதை உடைத்துவிடுவார். ஆனால் அந்த ஓட்டையின் மேல் செல்லோடேப் ஒட்டினால் டெக் ஏமாந்துவிடும். திங்கட்கிழமை காலை மாமா திரும்பி வராத கேசட்டுகளை வாங்கப் போயிருந்தபோது நான் மூன்றிலும் டேப் ஒட்டினேன். முப்பத்தொன்பதாவது நிமிடத்திலிருந்து நாற்பத்துநான்கு வரை வெறுமையைப் பதிந்தேன். அப்போதுகூட அந்தக் காட்சியைத் திரும்பப் பார்க்கத் தைரியம் வரவில்லை. டிவியை அணைத்துவிட்டு, டெக்கில் ஓடும் எண்ணைப் பார்த்தே அழித்தேன். அப்புறம் டேப்பைப் பிய்த்து எறிந்தேன். மூன்றாவதில் மறந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கம்பவுண்டர் ஒரு நண்பரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாமா போட்டார். வெறும் பூச்சி பறந்தது. அடுத்த கேசட்டிலும் பூச்சி. மூன்றாவதை எடுத்துத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"ஊமை, இங்க வா. இது என்ன?"

நான் செல்லோடேப்பைப் பார்த்தேன்.

"தெரியாம அழிஞ்சா இது எப்படி வந்து ஒட்டிக்கும்? காக்கா கொண்டுவந்து ஒட்டிச்சா?"

வாயைத் திறந்தேன். காற்று.

மாமா கத்துவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், கேசட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. கம்பவுண்டரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "வயசுப் பொண்ண உக்காரவெச்சு இந்தக் கண்றாவியெல்லாம் பாக்கவெச்சிருக்கேன். எனக்குப் புத்தி எங்க போச்சு? அசிங்கமா இருந்துதுன்னா சொல்லக்கூடாதாம்மா?" என்றார். மாமா என்னை 'அம்மா' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் தரையைப் பார்த்தேன். "சரி, எங்கிட்ட சொல்ல வேண்டாம். அத்தைகிட்ட போய்ச் சொல்லு" என்று வீட்டுக்கு அனுப்பினார்.

அத்தை சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் நிலைப்படியில் நின்றேன்.

"என்ன, இந்த நேரத்துல?"

"அந்தப் படத்தை அழிச்சுட்டேன், அத்தை."

கத்தி நின்றது. "எந்தப் படத்தை?"

"அதைத்தான். மூணு கேசட்லயும். அந்த இடத்தை மட்டும். இனிமே யாரும் பாக்க முடியாது."

நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன். அதை எழுதத்தான் வேண்டும்.

"ஏன் அழிச்ச?" என்றார் அத்தை.

"மாமாவுக்குத் தெரிஞ்சா…"

"உங்க மாமாவுக்குத் தெரிஞ்சா திட்டமாட்டார். போர்டு எழுதி வாசல்ல மாட்டுவார்." சிரிப்பது போலத் தொடங்கினார், வரவில்லை. "நான் அதைப் பாத்ததே இல்ல, தெரியுமா? நர்ஸ் வேஷம்னு கூட்டிட்டுப் போனாங்க. பத்தொம்பது வயசு எனக்கு. பிணமா நடிக்க வேண்டியவ வரல, என்னப் படுக்க வெச்சுட்டாங்க. படம் வந்தப்ப எங்கப்பா தியேட்டர் பக்கமே விடல. அன்னிக்கு வாசல்ல நின்னுதான் முதல் தடவையா பாத்தேன். கூட்டத்துல தலைங்க மறைச்சுது, வயிறுதான் தெரிஞ்சுது. புதன்கிழமை கடை லீவு, உங்க மாமா தூங்கறப்ப சாவிய எடுத்துட்டு வந்து உன்னையே போடச் சொல்லலாம்னு இருந்தேன்."

மறுநாள்தான் புதன்கிழமை.

"இத்தனை வருஷமா மூச்சே விடலைன்னுதான் நெனச்சுட்டிருந்தேன்" என்றார். "டைரக்டர்கூடக் கைதட்டினார். நீ எழுதினப்பறம்தான் தெரிஞ்சுது."

"நான்…"

"உங்க மாமாவுக்குத் தன் பேரையே தப்பில்லாம எழுத வராது. எனக்குத் தெரியாதா?"

காலடியில் நிலம் பிளக்கக்கூடாதா என்று சொல்வார்கள். எனக்கு நிலைப்படி அசையாமல்தான் இருந்தது. நான்தான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அத்தை கேட்டார். குரலில் கோபம் இல்லை, கூச்சம் இருந்தது. "நீ பாத்தல்ல? மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"அழகா இருந்தீங்க, அத்தை."

"கண்ணு?"

"மூடியிருந்துச்சு. தூங்கற மாதிரி."

அத்தை பீன்ஸைப் பார்த்தபடியே இருந்தார். "திறந்துதான் வெச்சிருந்தேன்" என்றார். "சிமிட்டக்கூடாதுன்னாங்க. லைட் சூட்டுல கண்ணீரா ஊத்துச்சு. தொடைக்க வந்தவள டைரக்டர் தடுத்துட்டார், 'நல்லாருக்கு, அப்படியே இருக்கட்டும்'னார். செத்தவ அழறாளேன்னு பாக்கறவங்க கேப்பாங்களோன்னு எனக்குப் பயம். அது படத்துல விழுந்துச்சான்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

"நான் மூஞ்சியப் பாக்கல, அத்தை."

"ஒரு தடவைகூடவா?"

"நாலு தடவை பாத்தேன். நாலு தடவையும் பாக்கல."

அத்தை கத்தியைக் கீழே வைத்தார். நறுக்கிய பீன்ஸை அள்ளிச் சட்டியில் போட்டார். திட்டு வரும் என்று காத்திருந்தேன். திட்டு வரவில்லை, மாமாதான் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்திலேயே நின்று, "என்னவாம்? சொன்னாளா?" என்றார்.

"படமெல்லாம் பாக்க அசிங்கமா இருந்துச்சாம்" என்றார் அத்தை, என்னைப் பார்க்காமல்.

"நான் சொல்லல?" என்றார் மாமா.

சாக்கு மூட்டைப் படங்கள் எல்லாவற்றையும் மாமா அன்றே வேறு ஊர்க்காரருக்குத் தள்ளிவிட்டார். அந்தப் படம் வேறு எங்காவது கிடைக்குமா என்று அப்புறம் நான் நான்கு கடைக்காரர்களுக்குக் கடிதம் எழுதிப் பார்த்தேன். பெயரைக்கூட அவர்கள் கேள்விப்பட்டதில்லை.

கம்பவுண்டருக்கு விஷயத்தை மாமாவே சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை அவர் தன் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "இந்த அக்காவப் பாத்துக் கத்துக்கோ. தப்பான படத்தக் கண்ணால பாக்கக்கூடாதுன்னு தன் கையால அழிச்ச பொண்ணு" என்றார். பூட்டு ரிப்பேர்க்காரரும், "வளர்ப்புன்னா இது வளர்ப்பு" என்றார். அத்தை அப்போதுதான் டப்பாவோடு உள்ளே வந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. மேஜையில் டப்பாவைத் திறந்து, எனக்குத் தட்டு வைத்து, "ஆறிடும், சாப்பிடு" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "பாருங்க, எவ்வளவு அடக்கம்" என்றார் கம்பவுண்டர்.