நடு விலைப் பெட்டிக்கு ஓட்டுநர் தேர்வு

கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருந்தன. முதலாவதில் நான் ஆட ஆசைப்பட்ட கார் விளையாட்டு திறக்கவே திறக்காது. மூன்றாவதின் விலையைச் சொன்னால் அண்ணன் மயங்கி விழுவான். மிச்சம், நடுவில் இருந்த கறுப்புப் பெட்டி. பாதி என் சேமிப்பு, பாதி அண்ணி போடுவதாகப் பேச்சு. ஆனால் அவள் சரியென்றால்தான் பெட்டி வீட்டுக்கு வரும்.

"நான் ஓட்டிப் பாத்துட்டுதான் சொல்லுவேன்" என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்.

அண்ணி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எங்கள் வீட்டு சோபாவைக்கூட, கடையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சாய்ந்து, படுத்து, புரண்டு பார்த்த பிறகுதான் வாங்கினாள்.

கடைக்காரரை எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மேசையில் ஸ்டியரிங்கைப் பொருத்தி விளையாட்டைத் திறந்தார். திரையின் மூலையில் ஓர் எண் துடித்துக்கொண்டிருந்தது.

"ஒரு செகண்டுக்கு எத்தன படம் காட்டுதுன்னு அது சொல்லும்க்கா. அறுபது இருந்தாலே வழுக்கிட்டுப் போகும். இது நூறு!"

எனக்கு அந்த நூறே போதும். திரையில், மழை ஓய்ந்த ஒரு மலைநகரம். ஈரச் சாலையில் தெருவிளக்குகள் தலைகீழாகத் தொங்கின. ஏதோ ஒரு மாடி ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். அந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணி நாற்காலியை முன்னால் இழுத்து, முதுகை நிமிர்த்தி, மணிக்கு முப்பதில் கிளம்பினாள். சிவப்பு விளக்கு வந்ததும் நின்றாள். பின்னால் வந்த பந்தயக் கார் ஒன்று அவளை இடித்துத் தள்ளிவிட்டுப் பறந்தது.

"பாத்தியாடி அவன? எவன் குடுத்தான் இவனுக்கு லைசென்ஸ்?"

"அண்ணி, இது ரேஸ். நிக்கக் கூடாது."

"ரேஸா இருந்தா? சிக்னல்னா சிக்னல்தான்."

தாடி குனிந்து இல்லாத ஒயரைத் தேடினார். தோள்கள் மட்டும் குலுங்கின.

அண்ணி காரை ஓரங்கட்டினாள். "அவன் வந்தது எனக்கு ஏன் தெரியல? கண்ணாடி எங்க?"

"அத அணைச்சு வெச்சிருக்கேன்க்கா. வர்ற பசங்க எல்லாரும் மொத வேலையா அதத்தான் அணைப்பாங்க. பின்னாடி இருக்கறத யாரு பாக்கறா?"

"நான் பாப்பேன். போடுங்க."

போட்டார். பின்னால் இருப்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டிவந்ததும், நூறு சரசரவென்று இறங்கி நாற்பதில் வந்து நின்றது. கண்ணாடிக்குள் பின்னால் வந்த கார்கள் தவளை மாதிரி தாவித் தாவி வந்தன.

"இது சரிப்படாது," என்று அண்ணி எழுந்தாள்.

"அண்ணி, கண்ணாடி இல்லாமலே நான் ஓட்டிக்கறேனே."

"ஓட்டுவ. நாளைக்கு என் கார்லயும் அப்படியே ஓட்டுவ. வாடி போலாம்."

நான் திரையைத் திரும்பிப் பார்த்தேன். மாடி ஜன்னல் இன்னும் வெளிச்சமாகத்தான் இருந்தது. தாடி தலையைச் சொறிந்தார். பிறகு பெட்டியை அணைத்து, திருகுகளைக் கழற்றி, பக்கத் தகட்டைத் திறந்தார்.

"அட, அவசரத்துல ரேம் மெமரிய ஒரே துண்டாப் போட்டிருக்கேன். அதே அளவ ரெண்டு துண்டாப் போட்டா, டேட்டா ரெண்டு வழியாப் போய்வரும். வெலையும் அதேதான்க்கா."

"ஒத்தையடிப் பாதையா இருந்தது ரெண்டு வழிச் சாலையாகுது. அப்படித்தானே?" என்று அண்ணி திரும்ப உட்கார்ந்தாள்.

தாடி துண்டுகளை மாற்றினார். விளையாட்டில் நிழல்களின் தரத்தையும் ஒரு படி குறைத்தார். எண் அறுபதைத் தொட்டு, அங்கேயே ஊசலாடியது. கண்ணாடியில் கார்கள் தண்ணீர் மாதிரி வழிந்து வந்தன. அண்ணி ஒவ்வொருவருக்கும் வழிவிட்டாள். கடைசியில், நிறுத்தியிருந்த இரண்டு லாரிகளுக்கு நடுவே, கண்ணாடியை மட்டும் பார்த்து, ரிவர்ஸில் காரைச் செருகினாள். பந்தயம் முடிந்தது. கடைசி இடம்.

"ஒரு கீறல் இல்ல பாரு," என்று பெருமையாகச் சொன்னாள். பிறகு தாடியிடம் திரும்பி, "பெட்டி பாஸாயிடுச்சு. கட்டிக் குடுங்க."

நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். "விடுடி, மூச்சு முட்டுது."

பயிற்சிக் காரின் பின் சீட்டில் பெட்டியை வைத்துவிட்டு, நான் முன்னால் ஏறினேன். அண்ணி சாவியைப் போட்டும் வண்டியைக் கிளப்பவில்லை.

"பெல்ட்?"

"போட்டுட்டேனே அண்ணி."

"உனக்கில்லடி. அதுக்கு."