மூன்று மாதிரித் துண்டுகள்

ஓட்டுத் துண்டைக் கணவரின் மார்பின் மேல் வைத்துவிட்டு, நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் மூச்சு விட விட ஓடும் மெல்ல ஏறி இறங்கியது. காலையில் வந்துபோன டாக்டர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதனால்தான் அவளுக்கு அவசரம். அவருக்கு நினைவு இருக்கும்போதே இந்தக் காரியத்தை முடித்துவிட வேண்டும்.

"தோட்டத்துத் தளத்துக்குக் கூரை போடப்போறேன். மூணு மாதிரி வந்திருக்கு. இது ஓடு. இது போடவா?"

அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். ஒருமுறை என்றால் ஆமாம், இருமுறை என்றால் வேண்டாம். வாதம் வந்து வாயும் கைகாலும் போன பிறகு ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த ஏற்பாடு அது.

"கண்ணாடி மாதிரி இந்த ஷீட்?"

இருமுறை மூடினார். மூன்றாவதான தகரத்தைக் கையில் எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஓட்டை எடுத்துவிட்டு, அவர் சட்டையில் ஒட்டியிருந்த சிவப்புத் தூளைப் பொறுப்பாகத் தட்டிவிட்டாள். பின்பக்கம் போய், அளவெடுத்துக்கொண்டிருந்த கூரைக்காரரிடம் கண்ணாடி ஷீட்டே போட்டுவிடலாம் என்றாள்.

கூரைக்காரர் தொழிலில் பழுத்த ஆள். அந்த ஷீட்டில் வெளிச்சம் நன்றாக வரும், ஆனால் மத்தியான வெயிலில் கீழே உட்கார முடியாது என்றார். ஓடு குளுமை, தகரம் மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. ஷீட்டை அளவுக்கு வெட்டிவிட்டால் கடையில் திருப்பி எடுக்கமாட்டார்கள் என்றும் எச்சரித்தார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ஷீட் என்றாள்.

அவள் கணவர் எடை அளவுகளைச் சோதிக்கும் அதிகாரியாக இருந்தவர். கடைகடையாகப் போய்த் தராசுகளுக்கு முத்திரை வைத்த கை, வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. திரைச்சீலையின் நிறம், அடுப்பு எந்தப் பக்கம், அவள் முடியை எந்த நீளத்துக்கு வெட்டிக்கொள்வது, எல்லாவற்றிலும் அவர் முத்திரைதான். அவளுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது எந்தக் கண் முதலில் என்பதையும் அவரேதான் டாக்டரிடம் சொன்னார். தோட்டத்துத் தளத்துக்கு ஒரு கூரை வேண்டும், வேலை முடிந்து சற்று நேரம் அங்கே உட்கார வேண்டும் என்று பன்னிரண்டு வருடம் கேட்டுப் பார்த்தாள். திறந்த இடம் திறந்தே இருக்கட்டும் என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்லிவிடுவார்.

இந்த ஐந்து மாதமாக அவள் முறை. சன்னலைத் திறக்கவா என்று கேட்பாள். ஆமாம் என்பார். சாத்துவாள். கஞ்சியா சூப்பா என்று கேட்டு, வேண்டாம் என்றதை ஊட்டுவாள். முதல் நாள் தயங்கினாள். அடுத்த வாரமே பழகிவிட்டது. மகள் வீட்டில் இருக்கும்போது மட்டும் செய்வதில்லை. பாவம் என்று தோன்றாமல் இல்லை. ஆனாலும் அது இனித்தது. முப்பத்தெட்டு வருடத்தில் வேறெதுவும் அவளுக்கு அப்படி இனித்ததில்லை.

உள்ளே வந்து குனிந்து அவர் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"ஷீட்டே சொல்லிட்டேன். நீங்க கேட்ட ஓடு கிடையாது."

அவர் அவளையே பார்த்தார். கண்ணோரத்தில் தண்ணீர் கட்டியது. அந்தக் கண்ணில் எந்நேரமும் தண்ணீர் வரும், அது நோயாலா மனதாலா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. அவள் தன் வசதிப்படி எடுத்துக்கொண்டாள்.

மகள் மருந்துக்கடையிலிருந்து வந்தபோது மூச்சு மாறியிருந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போய், அடுத்தது வரவில்லை. மகள் வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு அவர் கண்களை மூடினாள். பிறகு கட்டிலில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

அழுகை சற்று அடங்கியதும், கூரைக்காரர் இன்னும் ஏன் இருக்கிறார் என்று கேட்டாள். ஷீட்டுக்கு அளவெடுக்கிறார் என்றாள் அம்மா.

மகள் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "எப்படிம்மா கண்டுபிடிச்சே? அப்பாவுக்கு அதான் வேணும்னு இருந்துச்சு."

"என்ன?"

"நேத்து நீ குளிக்கப் போனப்ப நான் அவர்கிட்ட காட்டினேன். ஷீட்டைப் பாத்ததுமே ஆமாம்னாரு. அதுல வானம் தெரியும் இல்லையா, கட்டிலோட அங்க படுக்க வச்சாப் பாத்துட்டு இருக்கலாம்னு ஆசை போல. அம்மாகிட்ட சொல்லட்டுமான்னு கேட்டேன். ரெண்டு தடவை மூடினாரு." மகள் மூக்கை உறிஞ்சினாள். "சொல்லாமலேயே நீ செஞ்சிட்டேம்மா. கடைசியா அவருக்குப் பிடிச்சதையே செஞ்சிட்டே."

அவள் மகளின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். மனம் வேறு எங்கோ ஓடியது. மின்விசிறி போடவா என்றால் ஆமாம் என்பார், அவள் அணைத்துவிடுவாள். அவருக்கு மின்விசிறிக் காற்று ஒருநாளும் ஆகாது. சூப் என்றால் முகத்தைச் சுளிப்பவர், சூப் வேண்டாம் என்று எத்தனை முறை கண்ணை மூடினார்? இல்லை, கஞ்சியையா வேண்டாம் என்றார்? எந்த வாரத்திலிருந்து? படுத்த படுக்கையில், இமையை மட்டும் வைத்துக்கொண்டு, அவளை ஆட்டி வைத்திருக்கிறார். செத்துக் கிடந்த அந்த முகத்தை ஒரு அறை அறைய வேண்டும்போல இருந்தது. மகள் இருந்தாள். போர்வையைச் சரி செய்துவிட்டு வெளியே வந்தாள்.

கூரைக்காரர் அழுகைச் சத்தம் கேட்டு, டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் வருவதாக முணுமுணுத்தார்.

"ஷீட்டை வெட்டிட்டீங்களா?"

"இல்லம்மா, இனிமேதான். அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"ஷீட் வேண்டாம்."

அவர் முகம் தெளிந்தது. அப்படியானால் ஓடே போட்டுவிடலாம் என்றார். ஓட்டுக்கும் அந்தக் கண் ஒருமுறை மூடித் திறந்திருந்தது. அவள் அதுவும் வேண்டாம் என்றாள். ஒன்றுமே போடாமல் விட்டுவிடவா என்று கேட்டார் அவர். அது பன்னிரண்டு வருடத்து உத்தரவு.

"தகரம் போடுங்க," என்றாள்.

மழைச் சத்தத்தைப் பற்றி அவர் மறுபடியும் நினைவூட்டினார். அவளுக்கும் அந்தச் சத்தம் அறவே பிடிக்காது. ஆனால் கணவரிடம் யாரும் கேட்காதது அது ஒன்றுதான்.

"பரவால்ல. தகரம்தான்."

கூரைக்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். அவளுக்குத் தோள் இரண்டும் லேசானது போலிருந்தது.

"கலர் என்னம்மா? நீலம், பச்சை, செங்கல் கலர் இருக்கு."

"ஒரு நிமிஷம் இருங்க. உள்ள கேட்டுட்டு வந்துடறேன்."

நான்கு அடி நடந்த பிறகுதான் நின்றாள். பின்னால் கூரைக்காரர் தலையைக் குனிந்து, காகிதத்தை இரண்டாக மடித்து, நான்காக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.