தெற்கு பார்த்த தகடு

கணவர் இறந்து, நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்து முடித்ததும் நான் முதலில் போன இடம், சிதம்பரத்தில் கார்த்திகேசன் லாட்ஜின் மொட்டைமாடி.

என் கணவர் அஃப்சல் கடலூரில் சோலார் வெந்நீர்த் தகடு செய்யும் பட்டறை வைத்திருந்தார். கண்ணாடிக்கு அடியில் கறுப்பு பூசிய செம்புத் தகடு, அதோடு பற்றவைத்த குழாய்கள். வெயில் பட்டால் குழாய்த் தண்ணீர் சுடும். பற்றவைக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். மாரடைப்பில் அவர் போனபின், அவருடைய அண்ணன் ஜமாலுதீன் மச்சான் பட்டறையை மூடச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மார்கழியில், அஃப்சல் தகடு மாட்டிக் கொடுத்திருந்த லாட்ஜின் முதலாளி கார்த்திகேசன் போன் செய்தார். "ஆருத்ரா தரிசனக் கூட்டம் வருது, தண்ணி பச்சத்தண்ணியா இருக்கு. வந்து கழட்டிட்டுப் போங்க."

"பாத்தியாம்மா? சாமானே சரியில்ல. சாவியக் குடு," என்றார் மச்சான்.

"நான் பாத்துட்டு வந்து சொல்றேன் மச்சான்."

மாடி ஏறியதுமே தெரிந்தது. அஃப்சல் தெற்கு பார்த்து வைத்த தகடு, தொட்டியும் ஸ்டாண்டுமாக வடக்கே திரும்பி நின்றது.

"யாரு திருப்புனது?"

"நாந்தான், சித்திரையில. தெற்கு எமன் தெச, வடக்கு குபேரன்னு வாஸ்துக்காரர் சொன்னாரு. ஆனித் திருமஞ்சனத்துக்குக் கைய வெக்க முடியல, அப்பிடிச் சூடு!" என்றார் கார்த்திகேசன்.

"ஆனியில சூரியன் வடக்க இருந்துச்சு. இப்ப தெற்க. உங்க தகடு வெயிலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்குது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. பாய் எல்லாத்தையும் தெற்க பாத்தே மாட்டுனாரு. இப்ப அவரே..."

வீட்டில் எவ்வளவோ அழுதிருந்தேன். அங்கே அழவில்லை.

"உங்க நடராசரும் தெற்க பாத்துதான் ஆடுறாரு. அவரையும் திருப்பிடுவீங்களா?"

மாடி கூட்டிக்கொண்டிருந்த கொளஞ்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சொல்லுங்க மொதலாளி!"

கார்த்திகேசன் கோபுரத்தின் பக்கம் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார். "சரி, திருப்புங்க. சுடலன்னா?"

"நானே தூக்கிட்டுப் போறேன். பட்டறையையும் மூடிடுறேன்."

தொட்டியை வடித்துவிட்டு, ஆள் வைத்துத் திருப்பினோம். கண்ணாடியை நானே துடைத்தேன்.

மறுநாள் மச்சானையும் கூட்டிக்கொண்டு போனேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கார்த்திகேசன் குழாயைத் திறந்து விரலை நீட்டினார். "யப்பா!" என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மச்சானும் தொட்டுப் பார்த்தார்.

கடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே பட்டறைக்கு நடந்தேன். மச்சான் பின்னாலேயே வந்தார். சாவியை அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன்.

ஷட்டரைத் தூக்கினேன்.

"கண்ணாடி தூக்க இன்னொரு ஆள் வேணும். வர்றீங்களா மச்சான்?"