ஒரே ஒரு முகவரி

சீல் அக்கா என் படிவத்தைக் கண்ணாடித் தடுப்பின் அடியிலிருந்த இடைவெளி வழியாகத் திருப்பித் தள்ளினார். விடுதி அலுவலகத்தில் இருபது வருடமாக முத்திரை குத்துகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பேனா முனையால் ஐந்தாவது கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். விடுமுறை முழுவதும் தங்கும் முகவரி என்று அச்சடித்திருந்த இடத்தில் நான் வழக்கம்போல இரண்டு முகவரிகளை நுணுக்கி எழுதியிருந்தேன்.

"ஒண்ணுதாம்மா எழுதணும்."

"எனக்கு ரெண்டு வீடுக்கா. மொதல் அஞ்சு நாள் அம்மா வீடு, அடுத்த அஞ்சு நாள் அப்பா வீடு."

"அதெல்லாம் நோய் வர்றதுக்கு முந்தி. இப்ப எங்க போறியோ அங்கயேதான் இருக்கணும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள குடுத்துடு."

விதிகள் மொத்தம் பத்தொன்பது. அறிவிப்புப் பலகையில் நான்கு பக்கமாக ஒட்டியிருந்தார்கள். ஊருக்குப் போகிறவர்கள் மூன்று நாளைக்கு முன்பு மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஒரே முகவரியில் இருக்க வேண்டும். திரும்பி வந்தால் ஏழு நாள் தனி அறை. விடுதியிலேயே தங்குகிறவர்கள் வாசல் தாண்டக் கூடாது, மூன்று நாளைக்கு ஒருமுறை பரிசோதனை. பாடத்திட்டத்தைக்கூட இந்தப் பல்கலைக்கழகம் இவ்வளவு தெளிவாக எழுதி நான் பார்த்ததில்லை.

அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டு எட்டு வருடம் ஆகிறது. எனக்குப் பன்னிரண்டு வயதில், ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு என்னை இழுத்தவர்கள். நிஜமாகவே இழுத்தார்கள், இடது தோள் இரண்டு நாள் வலித்தது. பிறகு எல்லாம் ஒழுங்காகப் பிரிந்தது. ஒவ்வொரு விடுமுறையும் சரிபாதி. அம்மா பேருந்தில் ஏற்றிவிடுவாள், அப்பா அந்த முனையில் இறக்கிக்கொள்வார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியமே வராது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் என் வழியாகப் போய் வரும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள். எனக்கு அது பழகிவிட்டது, எது ஆறு எது சேறு என்று யோசிப்பதைக்கூட விட்டிருந்தேன்.

இப்போது ஒரு வீட்டை நானே தேர்ந்தெடுக்க வேண்டும். சண்டை வரும் என்று பயந்தேன். பயந்தேன் என்று சொல்கிறேனே தவிர, உள்ளுக்குள் கொஞ்சம் ஆசையும் இருந்தது. யாராவது ஒருவர், "என்கிட்டதான் வரணும்" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டால் போதும். மற்றவருக்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன்.

முதலில் அம்மாவை அழைத்தேன். அவள் பெரியம்மாவோடு இருக்கிறாள். பெரியம்மாவுக்கு நுரையீரல் கோளாறு, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். விஷயத்தைச் சொன்னதும் தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது.

"நீ அப்பாகிட்டயே போயிட்டு வாயேன். அங்கன்னா உனக்குத் தனி ரூம் இருக்கு. இங்க பெரியம்மாவை வச்சுக்கிட்டு எனக்கு பயமா இருக்குடி."

அப்பா வேலையில் இருந்தார். வீடு வீடாகப் போய்க் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவர். அவருடைய புது வீட்டில் ஏழு மாதக் குழந்தை இருக்கிறது. தம்பி என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

"அம்மாவுக்குத்தான் உன்னைப் பாக்கணும்னு இருக்கும், குட்டிம்மா. இந்தத் தடவை அங்க இருந்துக்கோ. வரவேணாம்னு சொல்லல. கைக்குழந்தை வேற இருக்கு பாரு."

இரண்டு பேர் சொன்னதிலும் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் ஒருவராவது ஒப்புக்காவது சண்டை போட்டிருக்கலாம். கோபம் வருமென்று காத்திருந்தேன், வரவில்லை. பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி இருந்தது. அம்மாவிடம் அப்பா வீட்டுக்குப் போகிறேன் என்றேன். அப்பாவிடம் அம்மா வீட்டுக்கு என்றேன். இரண்டு பக்கமும் நிம்மதியாக மூச்சு விடுவது காதில் விழுந்தது. வெள்ளிக்கிழமை நாலேமுக்காலுக்கு, விடுதியிலேயே தங்குகிறேன் என்ற கட்டத்தில் குறியிட்டுக் கொடுத்தேன். சீல் அக்கா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்தினார்.

நாற்பது அறை கொண்ட தளத்தில் நான்கு பேர் மிஞ்சினோம். காலையில் கதவுக்கு வெளியே ரொட்டியும் முட்டையும் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போவார்கள். திறக்கும்போது தாழ்வாரத்தில் ஆள் இருக்காது. யாரோடும் பேசாத நாட்களில் என் குரலே எனக்குக் கரகரப்பாகக் கேட்டது.

பேச்செல்லாம் வீடியோவில்தான். அப்பா வீட்டுச் சுவர் வெளிர் நீலம். அதனால் அம்மா அழைக்கும் நேரத்துக்குப் படிப்பறைக்குப் போய் அங்கிருந்த நீலத் திரைக்கு முன்னால் உட்காருவேன். அம்மா வீடு சின்னது. அப்பாவோடு பேசும்போது என் அறை அலமாரியை ஒட்டி, இடமே இல்லாதவள் மாதிரி ஒடுங்கிக்கொள்வேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனால் சோறு போடுகிற இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாவிட்டால் அது அத்தனை கஷ்டமில்லை.

"பெரியம்மா இருமல் எப்படி இருக்கு?" என்று அப்பா கேட்பார். பரவாயில்லை, ராத்திரி தூங்குகிறாள் என்பேன். "குழந்தை என்ன பண்றான்?" என்று அம்மா கேட்பாள். தவழ ஆரம்பித்துவிட்டான், என் செருப்பைக் கடிக்க வருகிறான் என்று சொன்னேன். நான் அவனைப் பார்த்து நான்கு மாதம் ஆகிறது. அம்மா சிரித்தாள். இன்னும் சொல் என்பதுபோல முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். உற்சாகம் வந்து, தம்பியின் அம்மா எனக்குத் தன் தலையணையைக் கொடுத்துவிட்டு வெறும் பாயில் படுக்கிறாள் என்று ஒரு போடு போட்டேன். அம்மா திரையிலிருந்து முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நல்லவதான் போல" என்றாள்.

அன்றைக்கு மட்டும் வெட்கமாக இருந்தது.

எட்டாம் நாள் காலை சோப்பில் வாசனை வரவில்லை. புதிய சோப்பைப் பிரித்து மூக்கோடு அழுத்திப் பார்த்தேன். காகிதத்தை முகர்ந்தமாதிரி இருந்தது. மதியத்துக்குள் பரிசோதனை முடிவு வந்துவிட்டது, எனக்கும் நோய். வாசல்பக்கம் இருந்த கட்டடத்தில், இரண்டாம் மாடியில் ஒரு தனியறைக்கு என்னை மாற்றினார்கள். லேசான காய்ச்சல், அவ்வளவுதான். பையை இறக்கி வைத்துக்கொண்டிருக்கும்போது சீல் அக்கா அழைத்தார்.

"ஏம்மா, என்ன கூத்து இது? பதினேழாம் நம்பர் விதிப்படி அம்மா, அப்பா ரெண்டு பேருக்கும் சொல்லணும். உங்கம்மாவுக்கு ஃபோன் போட்டா, அவ அப்பா வீட்டுலதானே இருக்கான்னாங்க. உங்கப்பாவுக்குப் போட்டா, அவர் அம்மா வீடுன்னாரு. எனக்கே தலை சுத்திடுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ளதைச் சொன்னேன். பத்து நாளா இங்கதான் இருக்கா, ஒரு தடவைகூட வாசல் தாண்டலன்னேன்."

"எட்டு நாள்தாங்க்கா."

"சாப்பிட்டியா நீ?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அது பொய்யில்லை.

அதன்பின் தொலைபேசி அடிக்கவில்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். இருவரும் ஒரே நேரத்தில் கோபித்துக்கொள்வது இதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது வேடிக்கையாக இருந்தது, சிரிப்பு வரவில்லை. படுத்தேன், எழுந்தேன், ஜன்னலுக்குப் போனேன்.

கீழே பூட்டிய வாசலுக்கு வெளியே ஒரு பெண் தோளில் துணிப்பையோடு நின்றிருந்தாள். முகக்கவசத்துக்கு மேல் முந்தானையையும் இழுத்துச் சுற்றியிருந்தாள். நிற்கும் தோரணையிலேயே அம்மா என்று தெரிந்தது. ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம், அதுவும் பேருந்தே அதிகம் ஓடாத காலத்தில். அவள் யாரிடம் கேட்பது என்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் கருவிப் பெட்டி கட்டியிருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றாமல் இறங்கியவரிடம் அம்மா போய் ஏதோ கேட்டாள். உள்ளே விடுவார்களா என்று கேட்டிருப்பாள். அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. வாசலில் ஒட்டியிருந்த விதிகளைக் கையால் காட்டினார். அம்மா தலையாட்டிவிட்டு, ஊர் பேர் தெரியாத ஆளிடமிருந்து ஒதுங்குவதுபோல நாலடி தள்ளி நின்றுகொண்டாள். அந்தக் கருவிப் பெட்டி அப்பாவுடையது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

தொலைபேசி அடித்தது. அம்மா.

"கீழ நிக்கறேன். பையை எடுத்துட்டு எறங்கி வா."

"பெரியம்மா?"

"அவளைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன். பெரியம்மாவாம் பெரியம்மா. நீ வா."

இந்த ஒரு வார்த்தையைத்தான் விடுமுறைக்கு முன்னால் கேட்கக் காத்திருந்தேன்.

"வர முடியாதும்மா. பதினாலு நாள் வெளிய விடமாட்டாங்க."

அவள் பதில் சொல்வதற்குள் காதில் இன்னொரு அழைப்பு விட்டுவிட்டு ஒலித்தது. கீழே அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, மதில்பக்கம் திரும்பித் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார். பின்மண்டை முழுக்க நரைத்திருந்தது. நான் வீடியோவில் முன்பக்கத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

எடுக்காமல் விட்டிருக்கலாம். ஒருவரை நிறுத்திவைத்து மற்றவரோடு பேசியிருக்கலாம், எட்டு வருடமாக அதைத்தானே செய்கிறேன். திரையில், இரண்டு அழைப்பையும் இணைக்கவா என்று கேட்டது. இணைத்தேன்.

"குட்டிம்மா, வாசல்ல நிக்கறேன்" என்றார் அப்பா. "எறங்கி வந்துடு. அப்பா உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

அம்மா காதிலிருந்த தொலைபேசியை மெல்லக் கீழே இறக்கினாள். அதை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு நாலடி தள்ளி, மதிலைப் பார்த்து நின்று பேசிக்கொண்டிருந்த அந்த முதுகின் பக்கம் திரும்பினாள்.