குழியில் ஊறிய கடல்

பம்பு இருமிவிட்டு மறுபடியும் நின்றதும், பெரியவர் வாளியை எடுத்துக்கொண்டு தாமே குழிக்குள் இறங்கினார். சேற்று நீர் முழங்காலைத் தொட்டது.

இறந்த தம்பியைப் புதைக்க வெட்டிய குழி. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பக்கத்தில், வீட்டின் பின்புறத்துக் குடும்ப இடம். முன்பெல்லாம் கடல் வாசலுக்கு வந்துதான் மிரட்டும். முன்னறையை அப்படித்தான் கொண்டுபோனது. இப்போது மண்ணுக்கு அடியிலேயே நடந்து வருகிறது.

தம்பி படகு எஞ்சின் மெக்கானிக். பம்பும் அவர் பழுது பார்த்ததுதான்.

"அவர் இருந்தா ஒரு தட்டு தட்டியே ஓட்டியிருப்பாரு. இந்தச் சத்தத்துக்கு எழுந்து வந்தாலும் வந்துடுவாரு" என்றார் குழி வெட்டுபவர்.

பெரியவருக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"மேல வாங்க பெரியப்பா. இறைக்க இறைக்க ஊறுது" என்றாள் தம்பி மகள்.

"ஊறட்டும். நம்ம வீட்டுல யாரும் அடுத்தவன் மண்ணுல படுத்ததில்ல."

"அதுக்காக அப்பாவத் தண்ணியில போடாதீங்க பெரியப்பா."

வாளி அவர் கையிலேயே நின்றுவிட்டது. அந்தப் பெண் அழவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வேறு இடத்துக்கு யாரையாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். யாரிடம் போய், எந்த வாயால் கேட்பது?

சுவரோரம் தங்கையின் கணவர் நின்றிருந்தார். வீட்டை விற்றுவிட்டு முதலில் மேட்டுக்குக் குடிபோனவர். 'கடலுக்குப் பயந்து ஓடினவர்' என்று பெரியவர் அவரை நாலு பேர் முன்னால் சொன்னதுண்டு. இன்று விடிந்து கொஞ்ச நேரத்தில் வந்தவர், இதுவரை வாயே திறக்கவில்லை. முழங்கை வரை மண் காய்ந்திருந்தது. இங்கே மண் கறுப்பு. அவர் கையில் இருந்தது சிவப்பு.

"கையில என்ன மாப்பிள்ளை?"

"எங்க தோட்டத்து மண்ணு மச்சான். விடியறதுக்கு முன்னாடியே அங்க ஒரு குழி வெட்டிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?"

"கேட்டா நீங்க சரின்னு சொல்லணும். உங்களுக்கு அது கஷ்டம்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்தீங்க?"

"இங்க தண்ணி வத்திட்டா, ஓசைப்படாம போய் அதை மூடிடலாம்னு இருந்தேன்."

பெரியவர் அவர் முகத்தையே பார்த்தார். இத்தனை காலம் பேசிய பேச்சுக்கு ஒரு சுளிப்பையாவது அதில் தேடினார்; களைப்பைத் தவிர ஒன்றுமில்லை. செருமினார்.

"வண்டி அங்க ஏறுமா?"

"ஏறும் மச்சான்."

மாப்பிள்ளை குனிந்து கையை நீட்டினார். பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். ஏறிய பிறகும் விடவில்லை.

மேட்டில் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்தார்கள். மண் உலர்ந்திருந்தது. தங்கை வந்து, "உள்ள வாண்ணே" என்றாள். "வரேன், நீ போ" என்றார்.

புதுக் குவியலுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் புல் மண்டிக் கிடந்தது. பெரியவர் மெதுவாகக் குந்தி, அந்தப் புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார். மாப்பிள்ளை சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அவரும் பிடுங்கினார்.