கேட்காத மூன்று மணி நேரம்

பூதக்கண்ணாடிக்குக் கீழே மயிரிழை போன்ற கம்பியைப் பற்றவைத்துவிட்டு, அப்பாவின் காது மெஷினைத் தன் காதில் வைத்துப் பார்த்தாள் சின்னவள். அவளுடைய ரிப்பேர் கடைக்கு வெளியே யாரோ சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடுவதுகூடத் துல்லியமாகக் கேட்டது. "அப்படிப் போடு!" என்று அவள் சொல்லிக்கொண்டபோதுதான் அண்ணன் போன் செய்தான். அப்பா போய்விட்டார்.

ஆறு மாதமாகப் படுக்கையில் கிடந்தவர்தான். ஆனால் இன்றைக்கு என்று யார் கண்டது? காலையில் மெஷின் மக்கர் செய்ததும், "தூக்கிப் போடு. புதுசு வாங்கிடலாம்" என்றான் அண்ணன். எதையும் கழற்றிப் பார்க்காமல் விடாத சின்னவளுக்கு அது பொறுக்கவில்லை.

"ஸ்பீக்கர் மட்டும்தான்ணா போயிருக்கு. கடுகத்தனை சாமான். அதுக்காக முழுசையும் மாத்துவியா? ஒரு மணி நேரத்துல கொண்டு வரேன்."

ரிப்பேர்காரர்கள் சொல்லும் ஒரு மணி நேரம் என்றைக்கு ஒரு மணி நேரமாக இருந்தது? மூன்றாகிவிட்டது.

வீட்டில் அண்ணன் அவளைக் கண்டதும் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "நான் வந்து அப்பா, அப்பான்னு கூப்பிட்டேன். எதுவும் கேக்காமலே போயிட்டார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தான்.

அறையில் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவின் மடியில் போய் விழுந்தாள். "என் பிடிவாதத்தாலதான்மா. கடைசியில ஒரு வார்த்தைகூட அவர் காதுல விழலையே."

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அந்த மெஷின் காதுல இருந்திருந்தா நான் வாயைத் திறந்திருப்பேனாடி?"

"என்னம்மா சொல்ற?"

"நீ போனப்புறம் நாங்க ரெண்டு பேர்தான். கேக்காதுங்கிற தைரியத்துல பேச ஆரம்பிச்சேன். கல்யாணமான புதுசுல கோவிச்சுக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போனேனே, அப்ப இவர் வருவார் வருவார்னு ஜன்னலை விட்டு நகரவே இல்லைன்னு சொன்னேன். முப்பத்தெட்டு வருஷமா சொன்னதில்ல. வந்த வேகத்துல இன்னும் என்னென்னவோ கொட்டினேன்."

"அப்பா என்ன பண்ணார்?"

"என் வாயையே பாத்துட்டிருந்தார். நடுவுல ரெண்டு தடவை சிரிச்சார்." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "சிரிக்க வேண்டிய இடத்துலதான் சிரிச்சார், திருட்டு மனுஷன்."

அண்ணன் வாசலில் வந்து நின்றான். "வண்டி வந்தாச்சும்மா. தூக்கலாமா?"

"இருடா. பாதிதான் சொல்லி முடிச்சேன். எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க."

அண்ணன் விழித்தான். சின்னவள் எழுந்து, அறையில் இருந்தவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைக் காட்டி, "நேரமாகுதுங்களே" என்றார்.

"அம்மா பேசிட்டிருக்காங்க" என்றாள்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் மெல்ல எழுந்தது. அது தங்கள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று, சின்னவள் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றாள்.